மேட்டூர் அணை: எப்போது திறப்பது, எவ்வளவு விடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் பிறந்தாலே காவிரி டெல்டாவில் டீக்கடைப் பேச்சு ஒன்றுதான்: "அணையில எத்தனை அடி நிக்குது?" அடியை மட்டும் வைத்துப் பார்த்தால் பாதி விஷயம் விளங்காது. இருக்கிற தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும், திறந்த தண்ணீர் எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று நாட்கணக்காக மாற்றிப் பார்த்தால், அணையில் எடுக்கும் முடிவுகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது பிடிபடும். கீழே உள்ள பதில்கள் அந்தக் கணக்கில்தான் போகின்றன.

கன அடி, டி.எம்.சி. என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன உறவு?

அணைச் செய்தியில் கன அடி என்பது ஓட்டம். "விநாடிக்கு 10,000 கன அடி" என்பதைத்தான் செய்தியில் சுருக்கி "10,000 கன அடி திறப்பு" என்கிறார்கள். டி.எம்.சி. என்பது அளவு, அதாவது நூறு கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,832 கோடி.

ஒரு நாளைக்கு 86,400 விநாடி. எனவே 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் நாளிதழில் வரும் எந்த அணைச் செய்தியையும் நீங்களே சரிபார்க்கலாம். 10,000 கன அடி என்றால் நாளுக்கு 0.86 டி.எம்.சி. 2 லட்சம் கன அடி என்றால் 17.3 டி.எம்.சி. "விநாடிக்கு 5,000 கன அடி, 15 நாளைக்கு" என்று ஓர் உத்தரவு வந்தால் மொத்தம் 6.5 டி.எம்.சி.தான். தலைப்பில் பெரிதாகத் தெரியும், அணையில் 12,000 கன அடி வீதம் ஆறு நாள் திறப்புக்குக் காணும்.

120 அடி அணையில் 60 அடி தண்ணீர் இருந்தால் பாதி அணை நிரம்பியிருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. கால் பங்கைச் சற்றுத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். நீர்த்தேக்கம் அண்டா மாதிரி நேராக இருப்பதில்லை; அடியில் குறுகி மேலே விரிந்த பள்ளத்தாக்கு அது. 120 அடியில் 93.47 டி.எம்.சி. 100 அடியில் சுமார் 65. 40 அடியில் 12 சொச்சம். மேலே உள்ள 20 அடியில் மட்டும் 28 டி.எம்.சி.க்கு மேல் நிற்கிறது. அடியில் உள்ள 40 அடியில் அதில் பாதிகூட இல்லை.

இதனால் இரண்டு விஷயம். நிரம்பும்போது கடைசி அடிகள் ஏற நேரமெடுக்கும். 119-லிருந்து 120-க்கு மட்டும் சுமார் 1.6 டி.எம்.சி. வேண்டும். வடியும்போது இதற்கு நேர்மாறு. முதலில் மெதுவாக இறங்கும் மட்டம் 60, 50 என்று வந்ததும் ஒரே அளவு திறப்புக்கே மளமளவெனச் சரியும். "போன வாரம் வரை நல்லாத்தானே இருந்துச்சு" என்று எல்லோரும் திகைப்பது இந்த இடத்தில்தான். 70 அடிச் சுமாருக்கு இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் கிறிஸ்தவ ஆலயக் கோபுரமும் தலைகாட்டும். மேட்டூர்க்காரர்களுக்கு அளவுகோலைவிட அதுதான் கண்கூடான எச்சரிக்கை.

ஜூன் 12 என்ற தேதி எங்கிருந்து வந்தது? அன்று திறந்தே ஆக வேண்டுமா?

சட்டம் கிடையாது, வழக்கம். 1934-ல் அணை பயன்பாட்டுக்கு வந்தபின், ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது டெல்டா பாசனத்தின் நடைமுறையானது. மொத்தம் 231 நாள். காரணம் குறுவைப் பயிரின் கணக்கு. ஜூன் நடுவில் தண்ணீர் வந்தால் நாற்று விட்டு நட்டு, 105 முதல் 120 நாள் ரகத்தை அக்டோபர் மழை வலுப்பதற்குள் அறுத்துவிடலாம். ஜூலை கடைசிக்குத் தள்ளிப்போனால் அறுப்பு வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். கதிர் சாயும், நெல் களத்திலேயே முளைக்கும்.

அணையில் இருப்பு இல்லாவிட்டால் தேதி தானாகத் தள்ளும். 2012 முதல் 2019 வரை ஒருமுறைகூட ஜூன் 12-ல் திறக்க முடியவில்லை. 2020-ல்தான் வழக்கம் திரும்பியது. 2022-ல் கோடையிலேயே அணை நிரம்பும் நிலைக்கு வந்ததால் மே 24-ல் திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சீக்கிரம் திறப்பது எப்போதும் லாபம் என்று நினைக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்கள் வாய்க்கால் தூர்வாரும் காலம். தண்ணீர் வந்துவிட்டால் பொக்லைன் இறங்க முடியாது, பாதியில் நின்ற வேலை பாதியிலேயே போகும்.

ஜூன் 12 அன்று 100 அடி இருந்தால் குறுவைக்குப் போதுமா?

கணக்குப் போட்டே பார்ப்போம். 100 அடியில் சுமார் 65 டி.எம்.சி. திறப்பு சராசரியாக 12,000 கன அடி என்று வைத்தால் நாளுக்கு 1.04 டி.எம்.சி. ஜூலை 31 வரை 50 நாளுக்கு 52 டி.எம்.சி. போய்விடும். ஆவியாகிப் போவது தனியாக ஒரு டி.எம்.சி.

இனி வரத்து. உச்ச நீதிமன்றம் 2018-ல் திருத்திய பங்கீட்டின்படி, கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை எல்லையில் அளக்கும் பிலிகுண்டுலுவில் ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 டி.எம்.சி. வர வேண்டும். ஜூன் 12-க்குப் பிந்தைய பங்கையும் ஜூலையையும் கூட்டினால் 37. அது முழுதாக வந்தால் ஆகஸ்ட் பிறக்கும்போது கையில் 49 இருக்கும், கவலையில்லை. பாதி வந்தால் 30. ஒன்றுமே வராவிட்டால் 12, அதாவது 40 அடி. அப்போது பயிருக்கு வயது ஒன்றரை மாதம்கூட ஆகியிருக்காது.

ஆகவே 100 அடி என்பது பாதுகாப்பு அல்ல, ஒன்றரை மாத அவகாசம். அந்த அவகாசத்துக்குள் குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் திறக்கிறார்கள். 2023-ல் நடந்தது இந்த மோசமான வரிசைதான். ஜூன் 12-ல் 103 அடியோடு திறந்தார்கள், வரத்து சரியாக வரவில்லை, அக்டோபர் 10-ல் 30 அடிச் சுமாரில் பாசனத்துக்கு மூட வேண்டி வந்தது.

இன்னும் ஒன்று: 65 டி.எம்.சி.யும் பாசனத்துக்கு என்று எண்ணக் கூடாது. குடிநீருக்கும் மதகுக்குக் கீழே நிற்கும் தண்ணீருக்கும் ஒரு பங்கை முதலிலேயே கழித்துவிட்டுத்தான் நாட்களை எண்ண வேண்டும்.

12,000, 18,000 என்று திறப்பளவை எப்படி முடிவு செய்கிறார்கள்?

வயலில் இருந்து மேல்நோக்கிக் கணக்கிட வேண்டும். 1 கன அடி ஒரு நாள் ஓடினால் ஏறக்குறைய 2 ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். வேறுவிதமாகச் சொன்னால் 24 ஏக்கரில் ஓர் அங்குலம். நடவு முடிந்த நெல் வயல், பயிர் குடிப்பதும் ஆவியாவதும் மண்ணில் இறங்குவதும் சேர்த்து, நாளுக்கு ஏறக்குறைய 10 மில்லி மீட்டர் கேட்கும் என்று வைத்துக்கொண்டால், 1 கன அடிக்கு 60 ஏக்கர்.

5 லட்சம் ஏக்கர் குறுவை என்றால் வயல் வாசலில் 8,300 கன அடி தேவை. ஆற்று மணலிலும் வாய்க்காலிலும் போவதைச் சேர்த்தால் அது 12,000-ஐத் தொடும். போர்செட் உள்ள பகுதிகள் கொஞ்சம் குறைக்கும். சேறடிக்கும் காலத்தில் நிலம் ஒரேயடியாகக் குடிப்பதால் தேவை இன்னும் ஏறும். ஆகஸ்ட், செப்டம்பரில் குறுவையின் பின்பகுதியும் சம்பா நாற்றங்காலும் ஒன்றாகச் சேரும்போது 18,000 வரை கேட்பது இதனால்தான்.

எந்தப் பருவத்தில் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். பயிர் தூர் கட்டி (கிளைத்து) முடிக்கும் கட்டத்தில் நாலைந்து நாள் காயவிட்டால் பயிர் தாங்கும். சில இடங்களில் நல்லதும்கூட. சூல் கட்டி, பூத்து, பால் பிடிக்கும் மூன்று நான்கு வாரத்தில் காய்ந்தால் பதர்தான் மிஞ்சும். இருப்பு குறைவாக உள்ள ஆண்டில் முதல் மாதமே தாராளமாக விட்டுவிட்டு இந்த வாரங்களில் கைவிரிப்பதுதான் மிகப் பெரிய தவறு. முன்னால் இறுக்கிப் பிடித்தால் அதிகாரிகள் திட்டு வாங்குவார்கள். பின்னால் மூடினால் பயிரே போகும்.

திறப்பு விழாவன்று 3,000 கன அடி விட்டுவிட்டுப் படிப்படியாக ஏற்றுகிறார்களே, ஒரேயடியாக விட்டால் என்ன?

ஆற்றுக்குள் ஆள் இருப்பார்கள். நான்கைந்து மாதம் பெரும்பாலும் வறண்டு கிடந்த ஆற்றில் ஆடு மாடு மேயும், பரிசல் கட்டிக் கிடக்கும், மீன் பிடிப்பார்கள். தண்டோராவும் ஒலிபெருக்கியும் எல்லாக் காதுக்கும் எட்டாது; மட்டம் மெதுவாக ஏறினால்தான் மேடேற நேரம் கிடைக்கும். அடுத்து கரை. காய்ந்து வெடித்த மண்கரையில் திடீரென வேகத் தண்ணீர் மோதினால் அரிக்கும். திடீரெனக் குறைத்தாலும் ஆபத்து உண்டு: ஊறிக் கனத்த கரைக்கு எதிரே தாங்கி நின்ற தண்ணீர் போனதும் சரிந்து விழும். அதனால் ஏற்றுவதும் இறக்குவதும் படிப்படியாகத்தான் நடக்க வேண்டும்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் எத்தனை நாளில் கல்லணைக்கு வரும்? கடைமடைக்கு ஏன் அவ்வளவு தாமதம்?

கல்லணைக்கு மூன்று முதல் நான்கு நாள். அதனால்தான் ஜூன் 12-ல் மேட்டூர் என்றால் 15 அல்லது 16-ல் கல்லணை திறப்பு. ஆறு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் சீக்கிரம் வரும். முதல் தண்ணீருக்கு மணல் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் வழிவிடும். நடுவில் மாயனூர் கதவணை ஒன்று, 1 டி.எம்.சி.யை ஒட்டித் தேக்கும். அங்கிருந்து கட்டளை வாய்க்கால்கள் பிரிகின்றன.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு மேலணையில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. பாசனக் காலத்தில் கொள்ளிடக் கதவுகளை இறக்கிக் காவிரிக்குத் தள்ளுவார்கள். வெள்ளக் காலத்தில் கொள்ளிடத்தைத் திறந்துவிடுவார்கள். அதற்கும் கீழே கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என மூன்றாகப் பங்கு. மிஞ்சினால் மறுபடி கொள்ளிடம்.

கல்லணையிலிருந்து வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கக் கடைமடைக்கு, பத்து நாள் முதல் இருபது நாள் வரை ஆகும். தூரம் மட்டும் காரணமில்லை. தலைமடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் சேறடிக்க வாங்கிக்கொள்வார்கள். தண்ணீர் மட்டம் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வந்தால்தான் கிளை வாய்க்கால் மதகில் ஏறும். ஆற்றுப் படுகை மணல் எடுத்துத் தாழ்ந்துபோன இடங்களில் ஆற்றில் ஓட்டம் இருந்தும் வாய்க்காலில் ஏறாது. ஆகாயத்தாமரை அடைத்த மதகு, கதவு பழுதான தலைப்பு, தூர் வாராத சி, டி பிரிவுச் சிறு கிளை வாய்க்கால் என்று ஒவ்வொன்றும் ஒரு நாளைத் தின்னும். கடைமடைக்காரர் "மேட்டூரில் 12,000 விட்டார்களாம்" என்று கேட்டுக்கொண்டே வறண்ட வாய்க்காலில் நிற்பது இப்படித்தான்.

முறைப்பாசனம் எப்போது கொண்டுவருவார்கள்?

எல்லா ஆற்றுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் எதிலும் மட்டம் ஏறாது என்ற நிலை வரும்போது. உதாரணமாக மொத்தம் 6,000 கன அடிதான் இருக்கிறது. காவிரி, வெண்ணாறு இரண்டுக்கும் பாதிப் பாதி கொடுத்தால் இரண்டிலும் தண்ணீர் அடியில் நெளியும், மதகு ஏறாது, கடைமடை காயும். காவிரிக்கு ஆறு நாள், வெண்ணாற்றுக்கு ஆறு நாள் என்று முறை வைத்தால் முறை வரும் ஆற்றில் ஓட்டம் முழுதாக இருக்கும், வாய்க்கால் ஏறும், வயலில் தண்ணீர் கட்டி அடுத்த முறை வரை வைத்துக்கொள்ளலாம்.

முறை கெடுவது பெரும்பாலும் இரவில். லஸ்கர் (மதகை இயக்கும் பணியாளர்) இறக்கி வைத்த கதவை யாரோ ஏற்றிவிடுவார்கள். ஒரு கதவு நாலு அங்குலம் கூடத் தூக்கினாலும் கீழே உள்ள ஊரின் முறை ஒரு நாள் குறையும்.

டெல்டாவில் மழை கொட்டும்போதும் மேட்டூர் தண்ணீர் வந்து வயலை மூழ்கடிக்கிறதே?

அது நேற்றுத் திறந்த தண்ணீர் அல்ல, நான்கு நாளுக்கு முன் திறந்தது. இன்று மழை தொடங்கியதும் மேட்டூரில் 10,000-ஐ 1,000 ஆகக் குறைத்தாலும், வழியில் ஏற்கெனவே இறங்கிவிட்ட மூன்றரை டி.எம்.சி. வந்தே தீரும். அதைக் கொள்ளிடத்தில் தள்ளலாம், கடலுக்குப் போகும்.

சரியான வழி, மழை வரும் என்ற முன்னறிவிப்பை வைத்து நான்கு நாள் முன்னதாகவே குறைப்பது. குறைத்தபின் மழை ஏமாற்றினால்? மறுபடி திறந்து தண்ணீர் வந்து சேர நான்கு நாள். இரண்டு பக்கமும் அடி விழும் வேலை இது. அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை, எங்கள் கணிப்பில், சற்று முன்கூட்டிக் குறைப்பதே மேல். அந்த மாதங்களில் சம்பா ஓரளவு வளர்ந்திருக்கும், நாலு நாள் காத்திருக்கும். மிச்சப்படும் ஒவ்வொரு டி.எம்.சி.யும் ஜனவரியில் கதிர் முற்றும்போது உதவும்.

231 நாளுக்கு 330 டி.எம்.சி. என்கிறார்கள். அணையே 93 தானே?

ஆம். ஓர் ஆண்டில் மூன்றரை முறை நிரம்பி வடிந்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். மேட்டூரைச் சேமிப்புக் கிடங்கு என்பதைவிடக் கைமாற்றும் இடம் என்று பார்ப்பது சரி. பிலிகுண்டுலுவில் ஓர் ஆண்டுக்கு வர வேண்டிய 177.25 டி.எம்.சி.யும், அணைக்குக் கீழே பவானி, நொய்யல், அமராவதி கொண்டுவருவதும், டெல்டாவில் பெய்யும் மழையும் சேர்ந்துதான் தேவையை நிரப்புகின்றன. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் மேட்டூரிலிருந்து கேட்கும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும்.

கர்நாடகம் எவ்வளவு, எந்த மாதத்தில் தர வேண்டும்?

காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில் 192 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ல் அதை 177.25 ஆக்கியது. குறைத்த 14.75-ல் 10, தமிழகத்தின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டது, 4.75 பெங்களூரு குடிநீருக்கு.

மாதவாரியாக: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. அளப்பது மத்திய நீர்வள ஆணையத்தின் பிலிகுண்டுலு அளவை நிலையத்தில். கண்காணிப்பது 2018 ஜூனில் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் அதன் கீழுள்ள ஒழுங்காற்றுக் குழுவும்.

தகராறு ஆண்டு மொத்தத்தில் வருவதைவிட மாதத்தில்தான் அதிகம் வருகிறது. ஆகஸ்டில் கர்நாடக அணைகளான கிருஷ்ணராஜ சாகரும் (கே.ஆர்.எஸ்.) கபினியும் நிரம்பி வழிந்தால், அந்த வெள்ளமும் பிலிகுண்டுலுக் கணக்கில் ஏறும். ஆண்டு முடிவில் எண் சரியாக இருக்கும். ஆனால் ஜூன், ஜூலையில் வராத 40 டி.எம்.சி.யை ஆகஸ்ட் வெள்ளம் குறுவைக்குத் திருப்பித் தராது. வறட்சி ஆண்டில் பற்றாக்குறையை எந்த விகிதத்தில் பகிர்வது என்பதில் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட சூத்திரம் இல்லாததால், 2023-ல் பார்த்தது போல 15 நாளுக்கு ஒருமுறை கூடி 10,000, 5,000, 3,000 என்று உத்தரவிட வேண்டியிருக்கிறது. கே.ஆர்.எஸ்.ஸில் திறந்தது பிலிகுண்டுலுவுக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் எடுப்பதற்காகத் தண்ணீரைத் திறக்கிறார்களா?

வழக்கமாக இல்லை. பாசனத்துக்கும் குடிநீருக்கும் விடும் தண்ணீரே மின்நிலையங்கள் வழியாகப் போகிறது. அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட். இரண்டும் சேர்ந்து 22,000 கன அடியைச் சுற்றி வாங்கும். அதற்கு மேல் விட வேண்டியிருந்தால்தான் மற்ற மதகுகள். கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை எனக் கதவணைகள், ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட். ஒரே தண்ணீர் படிப்படியாக மின்சாரம் தந்துகொண்டே இறங்குகிறது.

முரண்பாடு நுட்பமானது. மின்சாரத்துக்கு மட்டம் உயரமாக இருக்க வேண்டும், பாசனத்துக்கு அணை வடிய வேண்டும். மட்டம் இறங்க இறங்க அதே கன அடிக்குக் கிடைக்கும் யூனிட் குறையும். குறைந்த திறப்புக் காலத்தில் கதவணைகளில் தேக்கித் தேக்கி விடும்போது கீழே ஓட்டம் ஒரே சீராக இராது. கரையோரக் குடிநீர்க் கிணறுகளுக்கு அது தொல்லை.

பாசனத்துக்கு மூடியபிறகும் 1,000 கன அடி ஓடுகிறதே, வீண்தானே?

அதுதான் குடிநீர். சேலம் முதல் நாகை வரை காவிரி, கொள்ளிடப் படுகையில் கிணறு வெட்டி எடுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் ஏராளம். படுகை ஈரமாக இருந்தால்தான் அந்தக் கிணறுகள் ஊறும். சென்னைக்கும் இதில் பங்கு உண்டு: கொள்ளிடத்தில் உள்ள கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு, அங்கிருந்து குழாயில். வீராணம் முழுக் கொள்ளளவே 1.465 டி.எம்.சி.; அடிக்கடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

1,000 கன அடி என்பது நாளுக்கு 0.086 டி.எம்.சி. ஜனவரி 28 முதல் ஜூன் 12 வரை ஏறத்தாழ 134 நாள், 11.6 டி.எம்.சி. ஆகும். மேட்டூர் அனல்மின் நிலையமும் இந்த நீர்த்தேக்கத்தையே நம்பியிருக்கிறது.

வெள்ளம் வருவது தெரிந்தும் முன்கூட்டியே அணையைக் காலி செய்து வைக்காதது ஏன்?

மேட்டூரில் வெள்ளத்துக்கென ஒதுக்கிய காலியிடம் கிடையாது. பாசன அணை அது. ஆகஸ்டில் 10 அடியைக் காலியாக வைத்தால் சுமார் 15 டி.எம்.சி.; அதாவது டெல்டாவின் பதினைந்து நாள் தண்ணீர். கர்நாடக அணைகள் அதற்குப்பின் வழியாமல் போனால் அந்த 15-ம் போனதுதான்.

அப்படியே வைத்தாலும் எவ்வளவு உதவும்? 2 லட்சம் கன அடி வந்து, மின்நிலையம் வழியே 22,000 மட்டும் விட்டால், அந்த 10 அடி ஒரே நாளில் நிரம்பிவிடும். மறுநாள் வருவதை எல்லாம் வெளியேற்றியே ஆக வேண்டும். அந்த ஒரு நாள் பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர மக்களை மேடேற்ற உதவும், வெள்ளத்தைத் தடுக்காது.

உபரி நீர் போவது 16 கண் மதகு வழியாக. ஒவ்வொரு கண்ணும் 60 அடி அகலம், 20 அடி உயரம். அடிமட்டம் 100 அடியில் இருப்பதால் நீர்மட்டம் அதற்கு மேலே ஏறினால்தான் அந்த மதகுக்கே வேலை. ஆகவே முன்கூட்டியே வேகமாகக் காலி செய்வதற்கும் ஓர் எல்லை உண்டு.

நடைமுறையில் பயன் தருவது வேறு. கே.ஆர்.எஸ்., கபினி திறப்பைப் பார்த்து இரண்டு மூன்று நாள் முன்பே வரத்து தெரியும். 118 அடியைத் தாண்டும்போதே திறப்பைக் கூட்டத் தொடங்கினால் 120-ஐத் தொடும்போது வரத்தும் திறப்பும் ஏறக்குறைய சமமாக இருக்கும், கீழே திடீர் ஏற்றம் இராது. கீழே உள்ள கட்டுமானங்களின் வயதையும் மறக்கக் கூடாது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடப் பகுதியின் 45 கண்களில் 9 அடித்துச் செல்லப்பட்டன; அது 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது.

உபரி நீரைப் பிடித்து வைக்கவே முடியாதா?

கொஞ்சம் முடியும். மேட்டூர் உபரியை நீரேற்றிச் சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொடுக்கும் சரபங்கா திட்டம் உண்டு. அதன் அளவு அரை டி.எம்.சி.யைச் சற்றுத் தாண்டும். ஒரே நாளில் 17 டி.எம்.சி. போகும் வெள்ளத்தில் இது சிறு பங்கு. ஆனால் அந்த ஏரிக்கரை ஊருக்கு அதுவே கிணற்றுத் தண்ணீர்.

"நேற்று வரத்து 6,000, இன்று 9,000, மறுபடி 5,500." மழையே இல்லாமல் எப்படி மாறுகிறது?

வரத்தை நேராக அளப்பது பிலிகுண்டுலுவில். அணையில் சொல்லும் வரத்து கணக்கில் வருவது: இருப்பில் ஏற்பட்ட மாற்றம், அதோடு திறப்பு, அதோடு ஆவி இழப்பு. மட்டம் படிப்பதில் சிறு பிழை வந்தாலும் எண் துள்ளும். 120 அடிக்கு அருகில் ஓர் அடியின் நூறில் ஒரு பங்கு 1.6 கோடி கன அடி. ஒரு நாள் கணக்கில் அது 185 கன அடிப் பிழை. ஒரு மணி நேரக் கணக்கில் அதுவே 4,400. காற்றடித்து அலை மோதும் மாலையில் அளவுகோலை அந்தத் துல்லியத்தில் படிப்பது சுலபமில்லை. ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள். ஐந்து நாள் சராசரி பாருங்கள்.

ஆவியாவது எவ்வளவு? வண்டல்?

நிரம்பிய அணையின் நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல். நாளுக்கு 5 மில்லி மீட்டர் ஆவியானால் 310 கன அடி ஓட்டத்துக்குச் சமம். வண்டலைப் பொறுத்தவரை, 93.47 என்பது கட்டிய காலத்து எண். அடியில் படிந்ததைக் கழித்தால் உண்மை அதைவிடக் குறைவு. 2017-ல் விவசாயிகள் வண்டல் அள்ள அனுமதித்தார்கள். மண்ணுக்கு நல்லது, அணையின் கொள்ளளவில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க முடியாது.

மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களுக்கு எப்போது?

ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாள். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர், 9.6 டி.எம்.சி. டெல்டாவோடு ஒப்பிட்டால் சிறியது. அதனால் இருப்பு குறையும் ஆண்டில் இவர்கள் குரல் கடைசியாகத்தான் கேட்கும். அணைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு தண்ணீருக்குக் காத்திருப்பது எரிச்சல்தான்.

ஜனவரி 28-க்குப் பிறகு "இன்னும் பத்து நாள் கொடுங்கள்" என்று கேட்டால் கொடுக்கலாமா?

தாமதமாக நட்ட சம்பாவும், குறுவை அறுத்த வயலில் நட்ட தாளடியும் அப்போது பால் பிடிக்கும் கட்டத்தில் இருக்கும். கோரிக்கை நியாயமானதே. எத்தனை ஏக்கர், எந்தக் கிளை ஆறு, எத்தனை நாள் என்று வேளாண்மைத் துறையின் நடவுத் தேதிகளை வைத்துப் பிரித்துப் பார்த்து, தேவையான ஆற்றுக்கு மட்டும் விட்டால் பாதி மிஞ்சும். மொத்தமாக 5,000 கன அடி பத்து நாள் விட்டால் 4.3 டி.எம்.சி.; அதே தண்ணீர் கோடையில் 1,000 கன அடி வீதம் குடிநீருக்கு 50 நாள் வரும். பிப்ரவரி முதல் வாரத்தில் அணை 80 அடிக்கு மேல் நின்றால் தயங்காமல் கொடுக்கலாம். 50 அடிக்குக் கீழே என்றால் அந்த 50 நாள் குடிநீர் ஏப்ரலில் குறையுமா, மே மாதத்தில் குறையுமா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரில் கை வைக்க வேண்டும்.